டெம்பரரி அக்கா காலமான விவரம்

ஒரு நாடு இன்னொரு நாட்டில் தூதரகம் வைத்திருப்பது எதற்காக என்று யாரும் கேட்கக் கூடாது. வைத்திருக்கிறது, அவ்வளவுதான். நம் கதையில் வரும் தூதரகமும் அப்படித்தான் இருந்தது. மூன்று மாடிக் கட்டடம், வாசலில் ஒரு கொடிக்கம்பம், வரவேற்பறையில் உட்கார முடியாத அழகான நாற்காலிகள். மாடிப்படி ஓரத்தில் எப்போதும் சொட்டிக்கொண்டிருக்கும் ஒரு ஏ.சி., அதன் கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி. அந்த வாளியை யாரும் அசைத்ததே இல்லை என்பதால் அது அசையாச் சொத்துப் பட்டியலில் சேர்க்கப்பட்டிருந்தது.

அங்கே இரண்டு வகை ஊழியர்கள் உண்டு. நிரந்தர ஊழியர்கள், காலவரை ஊழியர்கள். நிரந்தர ஊழியர் என்பவர் மூன்று வருடத்துக்கு ஒருமுறை பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு நாட்டுக்குப் போய்விடுகிறவர். காலவரை ஊழியர் என்பவர் எங்கேயும் போகாமல் அதே நாற்காலியில் இருப்பவர். இந்த வித்தியாசம் சாதாரண மூளைக்குப் புரியாது. அதற்காகத்தான் விதிப் புத்தகம் இருக்கிறது.

விதி சொல்வது இதுதான். காலவரை நியமனம் குறித்த காலம் முடிந்ததும் தானாகவே முடிந்துபோகும். முடிவதற்குள் தலைமையகம் மனது வைத்தால் நீட்டிக்கலாம். ஆனால் நீட்டிப்பார்கள் என்று அந்த ஊழியர் எதிர்பார்க்கக் கூடாது. எதிர்பார்க்கவில்லை என்று ஒவ்வொரு வருடமும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். இதற்கு 'எதிர்பார்ப்பின்மை உறுதிமொழி' என்று பெயர். சந்நியாசிகள்கூட ஒருமுறைதான் இப்படி உறுதி கொடுப்பார்கள்.

பன்னிரண்டு வருடமாக இந்த உறுதிமொழியைக் கொடுத்துவந்தவர் அந்தத் தூதரகத்தின் மொழிபெயர்ப்பாளர். காவலாளி முதல் ஓட்டுநர் வரை அவரை டெம்பரரி அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் வந்த பிறகு நான்கு தூதர்கள் மாறிவிட்டார்கள். அவர்கள் எல்லாரும் நிரந்தரம்.

அந்த நாட்டு மொழி தெரிந்த ஒரே ஆள் அக்காதான். இப்போதைய தூதரும் நம் நாட்டிலிருந்து கிளம்புவதற்கு முன் அரசாங்கச் செலவில் அந்த மொழியைப் படித்திருந்தார். 'இந்த ஆப்பிள் சிவப்பாக இருக்கிறது' என்று சுத்தமாகச் சொல்வார். அந்த நாட்டு அமைச்சரை முதன்முதலில் சந்தித்தபோது அதையே சொன்னார். மேஜையில் ஆப்பிள் இல்லை. அமைச்சர் நாகரிகமானவர், ஆமோதித்தார்.

அக்கா ஒன்றும் தெய்வப்பிறவி அல்ல. அமைச்சர் கொட்டாவி விட்டால் 'ஆழ்ந்து யோசிக்கிறார்' என்பார். தூதர் உளறினால் அதில் பாதியை முழுங்கிவிடுவார். இரண்டு நாட்டுக்கும் சண்டை வராமல் இருந்ததற்கு அந்த முழுங்கலும் ஒரு காரணம். ஆனால் அக்காவுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. வாசல் சுவரில் நிரந்தர ஊழியர்களின் பெயர்கள் பித்தளைத் தகட்டில் பளபளவென்று இருக்கும். அக்காவின் பெயர் மட்டும் ஒரு காகிதச் சீட்டில், செலோடேப்பில் தொங்கும். மழைக்காலத்தில் எழுத்து கரைந்துவிடும். காவலாளி திரும்ப எழுதி ஒட்டுவார், அதிலும் எழுத்துப் பிழை இருக்கும். தன் பெயரைப் பித்தளையில் பார்க்க வேண்டும், அதற்கு நிரந்தரம் ஆக வேண்டும். இதற்காகத்தான் பன்னிரண்டு வருடமும் எதிர்பார்க்காமல் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வருடம் நிர்வாக அதிகாரியாகப் புதிதாக ஒருவர் வந்திருந்தார். விதிப் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறவர் என்று பேச்சு. அக்காவின் காலம் முடிகிற மாதம் வந்ததும் கூப்பிட்டு அனுப்பினார்.

"உக்காருங்கம்மா. நீட்டிப்பு கேட்டிருக்கீங்க."

"ஆமாம் சார்."

"அப்போ நீட்டிப்பு கிடைக்கும்னு எதிர்பார்க்கறீங்க."

"இல்ல சார். எதிர்பார்க்கலைன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேனே."

"எதிர்பார்க்கலைன்னா எதுக்குக் கேக்கறீங்க?"

"எதிர்பார்க்காமத்தான் கேக்கறேன் சார்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "எதிர்பார்க்காதவங்களுக்குக் குடுத்தா அது திடீர் அதிர்ச்சி. ஊழியர் நலனுக்கு ஆகாது. எதிர்பார்க்கறவங்களுக்குக் குடுத்தா விதி மீறல். நான் என்னதான் பண்றது?"

"போன வருஷம் இருந்த சார் பேசாம எழுதி அனுப்பிடுவாரு."

"அவருக்கு விதி தெரியாது" என்றார் அதிகாரி வருத்தத்தோடு. இருந்தாலும் நல்ல மனிதர். எழுதி அனுப்புகிறேன் என்றார். அங்கேதான் தாய்மொழி குறுக்கே வந்தது.

அந்த வருடத்தைத் தலைமையகம் 'தாய்மொழிக் குறிப்பு ஆண்டு' என்று அறிவித்திருந்தது. அறிவித்த சுற்றறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. இனி எல்லாக் குறிப்புகளையும் நம் மொழியிலேயே, இலக்கணச் சுத்தமாக எழுத வேண்டும், சிறந்த குறிப்புக்குப் பரிசும் தலைமையகத்துக்கு மாற்றலும் உண்டு என்று அதில் கண்டிருந்தது. எல்லோருக்கும் சட்டையில் குத்திக்கொள்ள 'மொழியே உயிர்' என்று ஒரு வில்லை வந்தது. அதிகாரிகள் அதைக் குத்திக்கொண்டு, "வெரி நைஸ், வெரி நைஸ்" என்று ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டார்கள்.

நம் நிர்வாக அதிகாரி வாழ்நாள் முழுக்க 'டெர்ம் ஓவர்' என்று எழுதியே பழகியவர். அதை எப்படி மாற்றுவது என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டார். டெர்ம் என்றால் காலம். ஓவர் என்றால் ஆனது. ஆக, காலம் ஆனவர். ஆனால் இரண்டு சொல்லும் தனித்தனியாக நிற்பது அவருக்குப் பிச்சைக்காரத்தனமாகப் பட்டது. பள்ளிக்கூடத்தில் படித்த புணர்ச்சி விதி நினைவுக்கு வந்தது. மகரமெய்யோடு ஆகார உயிரைச் சேர்த்தார். அழகாக ஒட்டிக்கொண்டது.

'மேற்படி மொழிபெயர்ப்பாளர் இம்மாத இறுதியில் காலமானவர் ஆகிறார். அன்னாரது சேவை மிகவும் தேவைப்படுவதால், அதற்குப் பின்னும் அவரைப் பணியில் நீட்டிக்க வேண்டுகிறேன்.'

இலக்கணத்தில் மெய்யோடு உயிர் சேர்ந்தது. அலுவலகத்தில் அக்காவின் உயிர் போனது.

தலைமையகத்தின் பதில் மாத இறுதிக்குள் வந்துவிட்டது. இதற்கு முன் எந்தக் கடிதத்துக்கும் அவ்வளவு சீக்கிரம் பதில் வந்ததில்லை. ஊழியரின் மறைவுக்கு ஆழ்ந்த இரங்கல் தெரிவித்திருந்தார்கள். மறைவை முன்கூட்டியே கணித்துத் தெரிவித்த நிர்வாக முன்னோக்கைப் பாராட்டியிருந்தார்கள். காலமானவரைப் பணியில் நீட்டிக்க இயலாமைக்கு வருந்தியிருந்தார்கள். குறித்த தேதியில் ஊழியர்கள் அனைவரும் ஒரு நிமிடம் மௌனம் காக்க வேண்டும் என்று உத்தரவிட்டிருந்தார்கள்.

அனைவரும் என்றால் அக்காவும்தான். மாத இறுதி நாளில் கொடிக்கம்பத்தடியில் வரிசையில் நின்றார். தூதர் தொண்டையைக் கனைத்து, "அவர் ரொம்ப நல்லவரா இருந்தார்" என்றார். பக்கத்தில் நின்ற அக்கா வழக்கம்போல ஒரு சொல்லை முழுங்கிக்கொண்டார். அன்று முதல் எல்லோரும் அவரைப் பற்றி இறந்தகாலத்தில் பேசத் தொடங்கினார்கள்.

மௌனம் முடிந்ததும் அக்கா நேராக நிர்வாக அதிகாரி அறைக்குப் போனார்.

"சார், நான் உயிரோடதான் இருக்கேன். ஃபோன் போட்டுச் சொல்லுங்க."

அதிகாரி தலைமையகத்துக்குப் போட்டார். எதிர்முனையில் பேசியவர் பொறுமைசாலி.

"அவங்க உயிரோட இருக்காங்கன்னு யார் சொல்றது?"

"நான்தான் சொல்றேன்."

"காலமாகப் போறாங்கன்னு எழுதினது யாரு?"

"அதுவும் நான்தான்."

"ஒரே ஆள் ரெண்டும் சொன்னா எதை நம்பறது? எழுத்துல வந்ததுதான் நிக்கும். வேணும்னா உயிர்வாழ்ச் சான்று வாங்கி அனுப்புங்க."

உயிர்வாழ்ச் சான்று என்பது ஓய்வூதியம் வாங்குபவர்கள் தாங்கள் இன்னும் போய்ச் சேரவில்லை என்று காட்டுவதற்குத் தூதரகமே கொடுக்கிற சான்று. அதிகாரி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். முகம் தொங்கிப்போனது.

"இது நிரந்தர ஊழியரா இருந்து ஓய்வு பெற்றவங்களுக்கு மட்டும்தாம்மா. காலவரை ஊழியருக்கு உயிர்வாழ்ச் சான்று தர வழியே இல்ல."

"அப்போ எங்கள மாதிரி ஆளுங்க உயிரோட இருக்கறது எப்படி சார் தெரியும்?"

"வேலை ஏதாவது பாக்கி இருந்தா கூப்பிடுவோம்ல? வந்தா தெரிஞ்சிடும்."

பன்னிரண்டு வருடமாக இரண்டு நாட்டுக்காகவும் வாய் வலிக்கப் பேசிய அக்காவுக்கு, தான் உயிரோடு இருப்பதைச் சொல்ல எந்த மொழியிலும் ஒரு சொல் கிடைக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். வழியெல்லாம் அழுகை அழுகையாக வந்தது.

அடுத்த வாரம் தலைமையகத்திலிருந்து இன்னொரு உத்தரவு வந்தது. பணியில் இருக்கும்போது காலமான நிரந்தர ஊழியரின் குடும்பத்தில் ஒருவருக்குக் கருணை அடிப்படையில் வேலை தருவது வழக்கம். காலவரை ஊழியருக்கு இது பொருந்துமா என்று அங்கே பெரிய விவாதம் நடந்திருக்கிறது. கடைசியில் ஒரு மூத்த அதிகாரி வழி கண்டுபிடித்தார். 'இறப்பு என்பது காலவரைக்கு உட்பட்டதன்று, அது நிரந்தரமானது. ஆகவே இறந்துபோன காலவரை ஊழியர், இறந்த நாள் முதல் நிரந்தர ஊழியராகக் கருதப்படுவார்.' எனவே அன்னாரது கணவருக்கு அதே மொழிபெயர்ப்பாளர் பதவி நிரந்தரமாக வழங்கப்படுகிறது. அன்னாரது பெயரும் விதிப்படி பித்தளையில் பொறிக்கப்படும்.

கணவர் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். அந்த ஊருக்குப் பிழைக்க வரும் நம் ஆட்களுக்குத்தான் வகுப்பு எடுப்பார். அந்த நாட்டு மொழியில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் சாலைப் பலகைகளில் இருப்பவைதான். இடது, வலது, நில், வழி விடு. அவரிடம் படித்த ஒருவர் பால் வண்டியில் மோதிய நாளில் ஐந்தாவதாக 'ஐயோ கடவுளே' என்பதையும் கற்றுக்கொண்டார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது உத்தரவை இரண்டு தடவை படித்தார்.

"இந்தா பாரு, நீ தப்பா நினைச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"நீ பன்னெண்டு வருஷம் உயிரோட இருந்து கிடைக்காதது, செத்து ஒரு வாரத்துல கிடைச்சிருக்கு. நிரந்தரம். ஓய்வூதியம். எனக்கு ஒண்ணு ஆச்சுன்னாகூட உனக்கு வரும்."

"நான்தான் செத்துட்டேனே, எனக்கு எப்படி வரும்?"

அவர் மோரை ஊற்றிக்கொண்டார். "அதை அப்போ பாத்துக்கலாம். கொஞ்ச நாள் செத்தே இரேன். வீட்ல சும்மாதானே இருக்கப்போறே?"

"உங்களுக்கு அந்த பாஷையே தெரியாதேங்க!"

"தெரியணும்னு உத்தரவுல எங்க போட்டிருக்கு?"

அக்கா மூன்றாவது தடவையாக உத்தரவைப் படித்தார். நிஜமாகவே எங்கும் போட்டிருக்கவில்லை.

பித்தளைத் தகடு வாசல் சுவரில் ஏறிய அன்று அக்கா எதிர்ச் சாரியில் நின்று பார்த்தார். எழுத்துப் பிழை இல்லாமல் தன் பெயர் வெயிலில் மின்னியது. மேலே சின்னதாக 'மறைந்த' என்று மட்டும் இருந்தது. அக்காவுக்குத் துக்கம் பொத்துக்கொண்டு வந்தது. உயிரோடு இருந்தபோது ஒரு பித்தளைத் துண்டுக்கு வக்கில்லாமல் போனோமே என்று நடுத்தெருவில் நின்று அழுதார். காவலாளி ஓடிவந்து, "அழாதீங்க அக்கா, தினம் துடைச்சு வெக்கறேன்" என்றார். உள்ளே கூப்பிட மட்டும் அவருக்கு அதிகாரம் இல்லை.

நிர்வாக அதிகாரி சிறந்த தாய்மொழிக் குறிப்புக்கான பரிசை வாங்கிக்கொண்டு தலைமையகத்துக்கே மாற்றலாகிப் போய்விட்டார். 'காலமானவர் ஆகிறார்' என்ற அவருடைய வாசகம் மாதிரிக் குறிப்பாக எல்லாத் தூதரகங்களுக்கும் அனுப்பப்பட்டது.

இங்கே கணவர் வேலையில் சேர்ந்தார். அவருக்கு வந்த முதல் பெரிய வேலை, அந்த நாட்டு நிலத்துறை அதிகாரியுடன் ஒரு சந்திப்பு. வந்தவர் வரைபடத்தை மேஜைமேல் விரித்துப்போட்டு விடாமல் பேசினார். தூதரகக் கட்டடத்தின் குத்தகை முடியப்போகிறது, நீட்டிக்க விரும்பினால் இப்போதே கையெழுத்திட வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கட்டடம் புதுச் சாலைக்கு வழி விட வேண்டும், நாங்கள் நீட்டிக்கவே விரும்புகிறோம் என்பதுதான் அவர் பேச்சு. பாவம், நல்ல மனிதர். கணவர் உன்னிப்பாகக் கேட்டார். தெரிந்த சொல் ஒன்றே ஒன்றுதான் காதில் விழுந்தது.

"வழி விடணுமாம் சார்."

"அவ்வளவுதானா?" தூதருக்கு ஆச்சரியம். "யாருக்கு?"

"பின்னாடி வர்றவங்களுக்குத்தான் சார். எப்பவும் அதான் விதி."

தூதருக்குப் புல்லரித்தது. "எவ்வளவு சுருக்கம்! இதே உங்க வீட்டம்மாவா இருந்தா அரை மணி நேரம் பேசியிருப்பாங்க. வழி விடறது பெருந்தன்மை. தாராளமா விடறோம்னு சொல்லுங்க."

கணவர் நிலத்துறை அதிகாரியைப் பார்த்துக் கையை வீசி, வழி விடு, வழி விடு என்றார். அந்த அதிகாரி நம்ப முடியாமல் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அதே பதில். வேறு வழியின்றி ஒரு தாளை நீட்டினார். தூதர் கையெழுத்திட்டார். போகிறபோது, இந்த ஆப்பிள் சிவப்பாக இருக்கிறது என்றும் சொன்னார்.

சில மாதங்கள் கழித்து ஒரு காலையில் வெளிக்கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. நிரந்தர ஊழியர்கள் எல்லோரும் அதைத் தாண்டி உள்ளே போனார்கள். மத்தியானம் கணவருக்குச் சாப்பாடு கொண்டுவந்த அக்காதான் அதைப் படித்தார். சாப்பாட்டுப் பையைக் காவலாளி கையில் திணித்துவிட்டு, "தூதரைக் கூப்பிடு, இந்த மாசக் கடைசியில கட்டடத்தை இடிக்கப்போறாங்க!" என்று கத்தினார்.

தூதர் கீழே ஓடிவந்தார். "செத்தவங்க உள்ள வரக் கூடாதே" என்று யாரோ முணுமுணுத்தார்கள். அக்கா விதிப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். அப்படி எந்த விதியும் இல்லை. இறந்தவர் வேலைக்கு வருவார் என்று எந்தத் தலைமையகமும் எதிர்பார்க்கவில்லை. அன்றிலிருந்து அக்கா கணவர் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். பேசுவது அவர், சம்பளம் கணவருக்கு. நிலத்துறைக்கும் போய்ப் பேசிப் பார்த்தார். "நாங்களே கெஞ்சினோம், உங்க ஆள்தான் கையை வீசி வீசிச் சொன்னாரு" என்றார்கள்.

கடைசி நம்பிக்கையாகத் தூதர் தலைமையகத்துக்கு எழுத உட்கார்ந்தார். எழுதுவது முக்கியமான குறிப்பு என்பதால் மாதிரிக் குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். 'இத்தூதரகம் இம்மாத இறுதியில் காலமானதாகிறது. அதற்குப் பின்னும் நீட்டிக்க வேண்டுகிறேன்.'

தலைமையகத்தில் அந்தக் குறிப்பு நம் பழைய நிர்வாக அதிகாரி மேஜைக்குத்தான் போனது. அவருக்குச் சொல்லின் பொருள் புரியாமல் இல்லை. ஆனால் முன்னுதாரணம் என்று ஒன்று இருக்கிறதே. அதுவும் அவரே ஏற்படுத்தியது. தூதரகத்தின் மறைவுக்கு இரங்கல் தெரிவித்தார். ஒரு நிமிட மௌனத்துக்கு உத்தரவிட்டார். மேலும், காலமான தூதரகத்தில் நிரந்தரப் பதவி என்று ஒன்று இருக்க முடியாது என்பதால், தூதர் உட்பட எல்லோரும் அன்று முதல் காலவரை ஊழியர்கள் என்று அறிவித்தார். கருணை நியமனம் மட்டும் விதிவிலக்கு. அது தூதரகத்தைச் சார்ந்ததல்ல, இறந்தவரைச் சார்ந்தது. மனைவி இறந்தவராக நீடிக்கும்வரை கணவர் நிரந்தரம்.

சலவைக் கடை ஒன்றின் மேலே இரண்டு அறை எடுத்துத் தூதரகம் குடியேறியது. சோப்பு வாசனையும் இயந்திரச் சத்தமும் எப்போதும் இருக்கும். கதவில் எல்லோருடைய பெயர்களும் காகிதச் சீட்டில், செலோடேப்பில் தொங்கின. தூதர் பெயரில் ஒரு எழுத்துப் பிழை. நடுவில் பித்தளைத் தகடு ஒன்றே ஒன்று ஆணியடித்து நின்றது. நினைவுத் தகட்டைக் கழற்ற யாருக்கும் அதிகாரம் இல்லை.

வருட முடிவு வந்தது. காலவரை முடிகிற மாதம். மேஜையில் எதிர்பார்ப்பின்மை உறுதிமொழிகள் வந்து குவிந்தன. தூதர் பேனாவின் மூடியைக் கழற்றினார், திரும்ப மூடினார்.

"எதிர்பார்க்கலைன்னு எழுதித் தரணுமாமே. மனசு வரலையேம்மா."

"முதல் வருஷம் அப்படித்தான் சார் இருக்கும்" என்றார் அக்கா. "அப்புறமும் அப்படித்தான் இருக்கும்."

தூதரின் கண் கதவில் இருந்த பித்தளைத் தகட்டுக்குப் போனது. பக்கத்தில் உட்கார்ந்து நிம்மதியாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்த கணவரிடம் வந்தது. தூதரின் மனைவிக்கு வேலை எதுவும் இல்லை. பாஷையும் தெரியாது. எல்லாத் தகுதியும் இருந்தது.

தூதர் உறுதிமொழியை ஒதுக்கிவிட்டு ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். அவரைப் பார்த்து மற்ற அதிகாரிகளும் ஆளுக்கொரு தாள் எடுத்தார்கள். எழுதிக்கொண்டே போன பேனாக்கள் எல்லாம் ஒரே சொல்லில் வந்து நின்றன.

தூதர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஏம்மா, இந்தக் காலம், ஆனவர்... பிரிச்சு எழுதணுமா, சேர்த்து எழுதணுமா?"

"பிரிச்சு எழுதினா வேலை போகும் சார். சேர்த்து எழுதினா உயிர் போகும்."

தூதர் சேர்த்தே எழுதினார்.